மிஸியம்மா கட்டிய கட்டு

எங்கள் மாடிக் கட்டடத்தில் யார் கை அறுபட்டாலும், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், முதலில் தட்டுவது மூன்றாம் மாடியின் கடைசிக் கதவைத்தான். கிளினிக்கெல்லாம் அதற்குப் பிறகு. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் செலாங்கோர் மேன்ஷன் எழும்பிய காலத்தில் குடிவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கீழே துணிக்கடை, வளையல் கடை, பணம் மாற்றுகிற கடை. மேலே நாங்கள். தமிழர், தமிழ் முஸ்லிம்கள், குஜராத்திகள், இரண்டொரு சீனக் குடும்பங்கள் என்று ஒரே நடைபாதையில் எல்லோருடைய துணியும் காயும்.

அந்தக் கடைசிக் கதவுக்காரருக்குப் பெயர் மிஸி. இந்த நாட்டில் தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மலாய்க்காரருக்கும் அதே சொல்தான். என் அம்மாவுக்கு அவர் மிஸியக்கா. எங்களுக்கு மிஸியம்மா. 1955-ல் வந்த சாவித்திரி படத்துக்கும் கிட்டத்தட்ட அந்தப் பெயர்தானே, அதனால் அப்பா அவரைக் கண்டால் அந்தப் படத்துப் பாட்டொன்றை முணுமுணுப்பார். “போங்கண்ணே, வயசாகுது, இன்னும் சினிமா” என்று அவர் சிரித்துக்கொண்டே படியேறுவார்.

உண்மையில் அவர் தாதியில்லை. பத்து ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் எடுபிடி வேலை. அந்தச் சாலைக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று பெயர் வைத்து எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் வீட்டில் அது பத்து ரோடுதான். அங்கே கண்ணாடி சிரிஞ்சுகளைப் பகுதி பகுதியாகக் கழற்றி, நீளமான எவர்சில்வர் பெட்டியில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்து அடுக்குவார். பஞ்சு உருட்டுவார். தரையும் துடைப்பார். ஊசியைக் கொதிக்க வைக்கலாம், போடக்கூடாது. மலாயாவில் 1950-ல் தாதியர் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்தான் தாதி. பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். மிஸியம்மாவிடம் அது இல்லை.

ஆனால் அவர் கட்டுப் போடுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். மாடிப்படியில் தடுக்கி என் அண்ணனுக்குக் கணுக்கால் பிசகிய நாள். பழைய வேட்டியை விரற்கடை அளந்து கிழித்து, சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, நடைபாதைக் கொடியில் உலர்த்திச் சுருட்டி வைத்திருப்பார். பேசிக்கொண்டேதான் சுருட்டுவார், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். சுருணையின் உருண்ட பக்கம் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். பாதத்தைச் சுற்றி முதலில் ஒரு சுற்று. அப்புறம் புறங்காலில் ஏறி, குதிகாலுக்கு மேலாகப் பின்னே போய், மறுபடி புறங்காலில் குறுக்கே இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் நுழைந்து மேலே. எட்டு போட்டதுபோல் வரும். ஒவ்வொரு எட்டும் முந்தியதில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டே ஏறியது. துணியை இழுத்து இறுக்கவும் இல்லை, தொளதொளவென்று விடவும் இல்லை. முடிச்சு வீக்கத்தின் மேல் விழாமல் வெளிப்பக்கம் ஒதுக்கினார். கடைசியில் கட்டைவிரல் நகத்தை அமுக்கி விட்டார். வெளுத்த நகத்தில் சட்டென்று ரத்தம் திரும்பியது. “வந்துருச்சு. போய்ப் படு” என்றார். ரத்தம் திரும்பச் சுணங்கினால் மொத்தக் கட்டையும் அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார். எத்தனை பேர் காத்திருந்தாலும் அதில் மாற்றமில்லை.

“எங்க கத்துக்கிட்டீங்க மிஸியம்மா?”

“பர்மாவுல.”

பர்மா என்றால் எனக்கு அப்போது பர்மா அரிசி, பர்மா தேக்கு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

1971 ஜனவரி வெள்ளத்தில்தான் அவர் யார் என்று கட்டடமே பார்த்தது. 1926-க்குப் பிறகு கோலாலம்பூர் அப்படியொரு வெள்ளத்தைக் கண்டதில்லை என்பார்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் மஸ்ஜித் ஜாமெக் முனையில் சேர்கின்றன. நாங்கள் இருந்தது அதற்கு எட்டிப்பிடிக்கிற தூரம். கீழ்க்கடைகளில் செந்நீர் புகுந்து புடவைச் சிப்பங்கள் மிதந்தன. தண்ணீருக்குள் கால் வைத்தவனுக்கெல்லாம் கண்ணாடிச் சில்லு, ஆணி, தகரம். மிஸியம்மா படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதில் கொதிக்கிற தண்ணீர், ஒரு பேசினில் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீர். வருகிறவரை வரிசையில் நிற்க விடவில்லை. ஒரு பார்வை பார்த்து, “நீ இங்க, நீ அங்க, நீங்க வீட்டுக்குப் போலாம்” என்று மூன்றாகப் பிரித்தார். ரத்தம் நிற்காதவர் முதலில், சீழ் பிடிக்கக்கூடியவர் அடுத்து, கத்துகிறவர் கடைசியில். “கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தம் போடாதவனத்தான் பாக்கணும்” என்றார். போர்க்கள மருத்துவத்தில் காயம்பட்டவரைத் தரம் பிரிக்கும் முறை அதுதான் என்று எனக்குத் தெரிந்தது பல வருடங்கள் கழித்து.

வெள்ளம் வடிந்த பிறகு கட்டடத்து ஆண்கள் கூடிப் பேசி அவருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் பக்கத்து பாய் வீட்டிலிருந்து நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி வரும். மஸ்ஜித் இந்தியாவின் நோன்புக்கஞ்சிக்கு ஊரெங்கும் பேர் உண்டு. அதில் முதல் தூக்கு மிஸியம்மாவுக்கு என்றானது அந்த வருடத்திலிருந்துதான்.

அவர் கதை முழுசாக ஒரே நாளில் வந்ததல்ல. பூத்தொடுக்கிற நேரத்தில் கொஞ்சம், மின்சாரம் போன ராத்திரியில் கொஞ்சம். ஒன்றுக்கொன்று முன்பின்னாகத்தான் வரும். நான் அடுக்கிச் சொல்கிறேன்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1942 ஜனவரி 11-ல் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். கித்தா என்கிற ரப்பர்ப் பாலை வாங்க ஆளில்லை. கங்காணிக்கும் கிராணிக்கும் செய்ய வேலையில்லை. லயத்தில் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கும் கோணிச்சாக்கு உடுப்புமாக நாள் போனது. அடுத்த வருடம் தோட்டங்களில் ஆள் பிடித்தார்கள். சயாமில் ரயில் போடுகிறார்கள், கூலி உண்டு, அரிசி உண்டு என்றார்கள். அவருடைய அப்பா போனார். திரும்பவில்லை.

அதே 1943-ல்தான் நேதாஜி வந்தார். ஜூலை 12-ந் தேதி சிங்கப்பூரில் பெண்களுக்கென்று கூடிய கூட்டத்தில், ஜான்சி ராணி பெயரில் ஒரு பெண்கள் படை வேண்டும் என்றார். அதற்குத் தலைமையேற்றவர் சென்னைக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் படிப்பை முடித்து, சிங்கப்பூருக்கு வந்து, ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். பிறகு உலகமே அவரைக் கேப்டன் லட்சுமி என்றது. கோலாலம்பூரில் நேதாஜி பேசியது செலாங்கோர் திடலில். இன்றைக்கு டத்தாரான் மெர்டேக்கா. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து மஸ்ஜித் ஜாமெக்கைத் தாண்டி நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பேச்சைக் கேட்டு, போட்டிருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்த கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவரின் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. அதே திடலின் ஓரத்தில், தோட்டத்து லாரியில் வந்திறங்கிய கூட்டத்தில், மிஸியம்மாவும் இருந்தார். அவரிடம் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

“பேசினது பாதி புரியல. தமிழ்ல ஒருத்தர் எடுத்துச் சொன்னாரு. எனக்குக் காதுல விழுந்தது ஒண்ணுதான், சேர்ந்தவங்களுக்கு மூணு வேளைச் சோறு போடுவாங்கன்னு பக்கத்துல நின்னவ சொன்னது. சோத்துக்குத்தான் போனேன் புள்ள. ஜெய்ஹிந்தெல்லாம் அப்புறந்தான் வந்துச்சு.”

இதை அவர் கூச்சத்தோடும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. பின்னாளில் எந்த நூலைப் புரட்டினாலும், எந்த மேடைப் பேச்சைக் கேட்டாலும், வீரத்தில் தொடங்கி வீரத்தில் முடிகிறது. பசியில் தொடங்கி வீரத்தில் முடிந்த ஒரு வாழ்க்கையை நான் நேரில் கேட்டிருப்பதால் அந்தப் பேச்சுகளில் எனக்கு எப்போதும் ஒரு பக்கம் குறைகிறது.

1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ தெருவில் பெண்கள் பயிற்சி முகாம் திறந்தது. மிஸியம்மா போனது அதற்குச் சில மாதம் கழித்து. போனதும் கூந்தலைக் குறைத்தார்கள். காக்கிக் காற்சட்டையும் சட்டையும் பூட்ஸும் கொடுத்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல் செருப்பே அந்த பூட்ஸ்தான். விடியுமுன் எழுந்து தேகப்பயிற்சி, கொடியேற்றம், அணிவகுப்பு, துப்பாக்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நெடுநடை. கட்டளையெல்லாம் இந்துஸ்தானி. அதையும் ரோமன் எழுத்தில் கற்றுக்கொடுத்தார்கள். தமிழே எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்களுக்கு இரண்டும் ஒன்றுதான். “சாவ்தான்னா வெறச்சி நிக்கணும். தஹினே முட்னா வலது பக்கம். மொத வாரம் பாதிப்பேரு எடது பக்கம் திரும்பி ஒருத்தி மூக்குல ஒருத்தி இடிச்சிக்கிட்டோம்.”

துப்பாக்கிப் பயிற்சி எல்லோருக்கும் உண்டு. அதற்குமேல் சிலரைப் பிரித்துத் தாதிமைக்கு எடுத்தார்கள். அந்தப் பிரிவுக்குச் சாந்த் பீபி என்று பெயர். முகலாயரை எதிர்த்து அகமதுநகர்க் கோட்டையைக் காத்த அரசியின் பெயர். மிஸியம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லையாம். துப்பாக்கி தூக்கினால்தான் மதிப்பு, பீக்கிண்ணம் தூக்கினால் என்ன மதிப்பு என்று அழுதிருக்கிறார். கற்றுக்கொடுத்த தாதி, “குண்டு ஒரு தடவைதான் பாயும். புண்ணு தினம் தினம் பாயும். எது பெரிய சண்டை?” என்று கேட்டாராம். அதற்குப் பதில் தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன் என்பார்.

பர்மாவுக்குப் போனது ரயிலில். இந்த இடத்துக்கு வந்தால் மிஸியம்மா பூத்தொடுப்பதை நிறுத்திவிடுவார். சயாம் மரண ரயில்பாதை 1943 அக்டோபரில் முடிந்திருந்தது, 415 கிலோமீட்டர். அதில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்று ஒரு கணிப்பு. மலாயாத் தோட்டத் தமிழர் அதில் பெரும்பங்கு. ஜான்சி ராணிப் படைப் பெண்கள் ரங்கூன் போனது அதே பாதையில்தான். எங்கே போகிறோம் என்று வண்டியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மூங்கில் காடும் மரப்பாலமும் கடந்தபோது பக்கத்தில் இருந்த ஒருத்தி, “இதுதாண்டி அவங்க போட்ட ரோடு” என்றாள். வண்டியில் பாதிப் பெண்களுக்கு அங்கே அப்பனோ அண்ணனோ போயிருந்தார்கள். “எங்கப்பா எந்தக் கட்டைக்குக் கீழ கெடக்காருன்னு பாத்துக்கிட்டே போனேன்” என்றார் ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் நான் கேட்டதில்லை. யாருடைய கூட்டாளியாக நின்று யாரை எதிர்த்தார்கள் என்ற கேள்வியைச் சரித்திரப் பேராசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த வண்டியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது விவாதம் அல்ல. அவள் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே இருந்தது அது.

மேமியோ என்கிற மலையூர் ஆஸ்பத்திரியில் வேலை. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் சண்டை ஜூலையில் தோல்வியாகித் திரும்பியது. மழைக்காலத்தில் காட்டு வழியே நடந்து வந்த சிப்பாய்கள் குண்டுக்காயத்தைவிட மலேரியாவிலும் சீதபேதியிலும் பட்டினியிலும்தான் அதிகம் விழுந்தார்கள். மருந்து தட்டுப்பாடு. கட்டுத்துணியை அவிழ்த்து, துவைத்து, கொதிக்க வைத்து, மறுபடி அதையே கட்டினார்கள். வேட்டித்துணி சுருணை அங்கே வந்த பழக்கம். புண்ணில் புழு நெளிந்தால் முகம் சுளிக்கக்கூடாது, ஏனென்றால் படுத்திருப்பவன் புண்ணைப் பார்ப்பதில்லை, உன் முகத்தைத்தான் பார்க்கிறான் என்று கேப்டன் லட்சுமி சொன்னதாக மிஸியம்மா சொல்வார். அவர் நேராகச் சொன்னாரா, யாராவது சொல்லக் கேட்டதா தெரியாது. எதுவானாலும் மிஸியம்மாவின் முகம் கடைசி வரைக்கும் சுளித்து நான் பார்த்ததில்லை.

1945 ஏப்ரல் 24-ந் தேதி ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். கொஞ்சம் லாரி, பெரும்பாலும் நடை. பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் பதுங்கல், ராத்திரியில் சேற்றில் நடை. வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்ற நிலையிலும் நேதாஜி பெண்களோடு சேர்ந்தே நடந்தார் என்பதை உடன் நடந்த பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். ஜானகி தேவர் அந்த நடையில் பொறுப்பாளர். முன்னதாகக் கிளம்பிய ஒரு ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்று இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். மிஸியம்மாவின் வேலை ஒவ்வொரு விடியலிலும் கால் பார்ப்பது. கொப்புளத்தை உடைக்க வேண்டியது எது, விட வேண்டியது எது, யார் இன்று நடப்பார், யாரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பார்த்துச் சொல்வது. பாங்காக் சேரும்வரை அதுதான் அவருடைய சண்டை.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பினான். கிள்ளான் தோட்டத்துக்கு வந்த மிஸியம்மாவிடம் ஒரு சிறு புத்தகம், ஒரு படம், தாதிப் பயிற்சி முடித்ததற்கான ஒரு தாள் இருந்தன. யார் யார் படையில் இருந்தார்கள் என்று விசாரணை நடக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. அவருடைய அம்மா மூன்றையும் அடுப்பில் வைத்துவிட்டார். “அம்மாவ என்ன சொல்றது? புருஷன் போய்ட்டான், மகளாச்சும் இருக்கட்டும்னு நெனச்சிச்சு.” ஐந்து வருடம் கழித்துச் சட்டம் அந்தத் தாளைக் கேட்டது.

பர்மாவுக்குப் போனவர்கள் எல்லோரும் காணாமல் போகவில்லை. ஜானகி தேவர் 1946-ல் இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு தோட்டம் தோட்டமாகப் போனார். அதே ஆண்டு மலாயன் இந்தியன் காங்கிரஸ் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜானகி ஆதி நாகப்பனாக மேலவை உறுப்பினரானார், 2000-ல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது, 2014-ல் காலமானார். அக்கா பொன்னம்மாவோடு ஈப்போவிலிருந்து படையில் சேர்ந்த ராசம்மா, பிறகு ராசம்மா பூபாலனாகக் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆணுக்குள்ள சம்பளம் பெண்ணுக்கும் வேண்டும் என்று போராடி வாங்கிக் கொடுத்தவர். நான் ஆசிரியையாக முழுச் சம்பளம் வாங்கியதில் அவர் பங்கு உண்டு. இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும், குடும்பம் இருந்தது, எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். லயத்திலிருந்து போனவர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். படையில் மொத்தம் எத்தனை பெண்கள் என்பதே இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயிரத்துக்கு மேல் என்று சிலர். 2016-ல் வந்த நூலில் வேரா ஹில்டெப்ராண்ட் அதில் பாதிகூட இருக்காது என்கிறார். தலைக்கணக்கே இப்படி இழுபறியென்றால் பெயருக்கு எங்கே போவது?

இந்தப் பெயர்கள் காணாமல் போனது காகிதம் இல்லாததால் நேர்ந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அமெரிக்காவின் கதையைப் படித்தேன். நேதாஜி பெண்களைக் கூப்பிட்ட அதே 1943 ஜூலையில் அங்கே தாதி மாணவியர் படை என்று ஒன்று தொடங்கியது. அரசாங்கமே படிப்புச் செலவு, சீருடை, கைச்செலவு எல்லாம் கொடுத்து, போர் முடியும்வரை சேவை செய்வோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டது. ஏறக்குறைய 1,20,000 பேர் படித்து முடித்தார்கள். அவர்களிடம் எல்லாக் காகிதமும் இருந்தது. அப்படியும் பல பத்தாண்டுகளுக்குப் படைவீரர் என்ற தகுதியை அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆக, காகிதம் மட்டுமல்ல விஷயம். புண் கழுவுகிற வேலையைப் போர் என்று எண்ண எந்த ராஜ்யத்துக்கும் மனம் வருவதில்லை. இந்தியா 1972-ல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது, எங்கள் கட்டடத்தில் ஒருவர் மிஸியம்மாவை மனுப்போடச் சொன்னார். “எதக் காட்டிப் போடுறது? இதையா?” என்று பெர்மாங்கனேட் கறை படிந்த விரலைக் காட்டினார்.

இப்போது மஸ்ஜித் இந்தியாவில் அந்த மஸ்ஜித் இந்தியா இல்லை. டாங் வாங்கி முனையில் இருந்த ஓடியன் தியேட்டரை இடித்தாயிற்று. தரையில் விரிப்பைப் போட்டு, எண்ணெய்ப் புட்டிகளை அடுக்கி, சர்வரோக நிவாரணி என்று மைக்கில் கூவுகிற மருந்து வியாபாரிகள் அப்போது தெரு நிறைய இருப்பார்கள். மிஸியம்மா அவர்களைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று கேட்டுவிட்டு, “நல்லாத்தான் சொல்றான், நம்பிக்கை வந்துரும்போல” என்று நடப்பார். அவர்களில் ஒருவர் கையில் சூடுபட்டு வந்து நின்றதும் அவருடைய வாசலில்தான். இன்றைக்கும் பூக்கடை உண்டு, ஜாதிமல்லி உண்டு, தீபாவளிக்கு முன் கால் வைக்க இடமில்லாத கூட்டமும் உண்டு. அஞ்சடி நடைபாதையில் கைபேசி உறை விற்கிற பையன்களுக்கு மேல்மாடியில் ஒரு காலத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பிரிக்பீல்ட்ஸில் இந்தியக் கலாசார மையத்துக்கு 2015-ல் நேதாஜியின் பெயர் வைத்தார்கள். நல்லது. அங்கே போய் நிற்கும்போதெல்லாம் பெரியவர் பெயர் சுவரில் இருக்கிறது, கால் பார்த்தவள் பெயர் எங்கே என்று கேட்க வாயெடுப்பேன். யாரிடம் கேட்பது?

மிஸியம்மா போனது எண்பதுகளின் கடைசியில். பிள்ளைகள் இல்லை. தங்கை மகன் வந்து காரியம் செய்தார். வீட்டைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையக் கட்டுத்துணிச் சுருணைகள் இருந்தன. சில நாள் எங்கள் வீட்டில் இருந்தன. பிறகு எங்கே போயின என்று நினைவில்லை.

இதையெல்லாம் கிளப்பிவிட்டவள் என் அண்ணன் மகள். பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப்படிப்பு. கூடவே பாலாப்பெஸ், அதாவது மாணவர்களைப் படை அதிகாரிகளாகப் பழக்கும் சேமப்படைப் பயிற்சி. படிப்பு முடியும்போது பயிற்சியையும் முடித்திருந்தால் தவ்லியா, அதாவது அதிகாரி நியமனம், கிடைக்கும்; லெப்டனன் மூடா என்ற பதவியோடு வெளியே வரலாம். தமிழ்நாட்டிலிருந்து புனே ராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் நாலு வருடம் நர்சிங் படித்து லெப்டினன்டாக வருகிற பெண்களைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். தாதி என்றால் அதிகாரி, அதிகாரி என்றால் சம்பளப் படி, ஓய்வூதியம், தோளில் நட்சத்திரம் என்ற உலகம் வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான். மிஸியம்மா இருந்திருந்தால் தோளிலிருக்கும் நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கைய காட்டு” என்றிருப்பார்.

வார இறுதி முகாம் முடிந்து வருகிற ஞாயிறுகளில் பூட்ஸைக் கழற்றிவிட்டு என் முன்னால் காலை நீட்டுவாள். “அத்தை, செடியான்னு கத்தினதும் கால சேத்து அடிக்கணும். அடிச்சு அடிச்சுக் குதிகால் போச்சு.” நான் பதிலுக்குச் சாவ்தான் என்றேன். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. தரம் பிரித்தலை அவர்களுக்கு இப்போது நிற அட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவள் விளக்க விளக்க எனக்கு 1971-ன் படிக்கட்டுத் திருப்பம் வந்து நின்றது. நீ இங்க, நீ அங்க, நீங்க வீட்டுக்குப் போலாம். பாடம் மாறவே இல்லை. ரத்தம் திரும்புகிறதா என்று நகத்தை அமுக்கிப் பார்ப்பதும் அவளுடைய புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வினாடி என்று கணக்குகூட இருக்கிறதாம்.

போன பருவத்தில் தாதிமை வரலாறு பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. வகுப்பில் எல்லோரும் விளக்கேந்திய மாதரசியைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் மிஸியம்மாவை எழுதுகிறேன் என்றாள். முழுப்பெயர், பிறந்த தேதி, படை எண், பயிற்சி பெற்ற இடம், அதற்கான சான்று, எல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியலோடு வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கே எழுதியிருப்பதுதான். அதில் பாதி பூத்தொடுக்கும்போது கேட்டது. மீதி நான் கண்ணால் கண்டது.

“சான்று இல்லன்னா ஏத்துக்க மாட்டாங்க அத்தை.”

“சான்று எப்படி இல்லாமப் போச்சுன்னு எழுது. அடுப்புல போட்டதுலருந்து ஆரம்பி.”

கொஞ்சநேரம் யோசித்தாள். மடிக்கணினியைத் திறந்து அதையே முதல் வரியாகத் தட்டினாள். பன்னிரண்டு பக்கம் வந்தது. மார்க்கு இன்னும் போடவில்லையாம்.